தார் பாலைவனத்துப் பாறைகளுக்கு ஒரு சட்டம் வேண்டும்: தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பெரம்பலூர் மாவட்டத்துக்காரன். ஆனால் இந்த மடல் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரைப் பற்றியது. அந்த ஊர் விஷயத்தை எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். ஜெய்சல்மேரின் கல்மரங்களையும் டைனோசர் தடங்களையும் காப்பாற்றக்கூடிய சட்டம் டெல்லியில் இயற்றப்பட வேண்டியது. அதன் வரைவு 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகத்தால் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை. அதைக் கேட்டு வாங்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்தச் சட்டம் வந்தால் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் திருவக்கரைக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை இழக்கப்போகிறோம் என்பது புரியும்.

நம் ஊர்க்காரர்கள் ஜெய்சல்மேர் போனால் கோட்டையைப் பார்க்கிறார்கள், சாம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறுகிறார்கள், லோங்கேவாலா போர் நினைவிடத்துக்குப் போகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். தார் என்றாலே மணல் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஜெய்சல்மேர் நகரைச் சுற்றி இருப்பதோ பெரும்பாலும் பாறைத் தரை. கள்ளியும் கேர் புதரும் முளைத்த வெட்டவெளி, இடையிடையே நீண்டு கிடக்கும் தாழ்ந்த பாறை முகடுகள். இந்தப் பாறை அடுக்குகள் வடமேற்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் தென்கிழக்கிலிருந்து வடமேற்காகப் போகப்போக, பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குக்கு ஏறிக்கொண்டே போவோம். லாத்தி, ஜெய்சல்மேர், பைசாகி, பதாசர், பரிவார், ஹாபூர் என்று வரிசையாக வரும். நிலவியலாளர்கள் வைத்த இந்தப் பெயர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்களின் பெயர்களே. டைனோசர்கள் வாழ்ந்த ஜூராசிக் காலத்தின் தொடக்கத்திலிருந்து அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலம் வரை பல கோடி ஆண்டுகளை இப்படி ஒரே மாவட்டத்தில் காரில் கடக்க முடிகிற இடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. கட்ச் ஒன்று. நம் காவிரிப் படுகையின் அரியலூர்ப் பகுதி, கிரெட்டேசியஸ் காலத்துக்கு மட்டும், இன்னொன்று.

கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1156இல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கியது. 2013இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வழிகாட்டிகள் அதன் மஞ்சள் கல்லை மணற்கல் என்று சொல்வார்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது சுண்ணாம்புக்கல், அதுவும் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். கோட்டைக்குள் ஏதாவது ஒரு வீட்டுச் சுவரோரமாக நின்று பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள். கம்பை விடச் சிறிய உருண்டைகள் நெருக்கமாக ஒட்டிக் கிடப்பது தெரியும். ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலில் அலை ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு சிறு துகளைச் சுற்றியும் சுண்ணாம்பு படலம் படலமாகப் படிந்து உருவான உருண்டைகள் அவை. நடுநடுவே வளைந்த வெள்ளைக் கோடுகள் ஓடும். அவை சிப்பிகளின் குறுக்குவெட்டு. டெதிஸ் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும், இன்று இல்லாமல் போன கடல் ஒன்றின் கரை அது. இந்தியா அப்போது ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் ஒட்டிய கோண்டுவானா நிலப்பரப்பின் ஒரு பகுதி. இமயமலை என்ற ஒன்றே கிடையாது.

நகருக்கு வெளியே ஒரு கல் அறுக்கும் பட்டறையில் நின்றுகொண்டிருந்தபோது, அறுவையாளர் ஒருவர் தூசி படிந்த ஒரு பலகைக் கல்லின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். அதுவரை வெறும் மங்கலான பழுப்பாக இருந்த கல்லில் நத்தைகளும் சிப்பிகளும், அம்மோனைட் என்ற அற்றுப்போன கடலுயிரியின் துண்டு துண்டான சுருள் ஓடுகளும் ஒரே நொடியில் எழுந்து வந்தன. ஹாபூர்ப் பக்கத்துக் கல் அது. அந்தக் கல்லில் கிண்ணம் செய்து பால் ஊற்றி வைத்தால் உறை ஊற்றாமலே தயிராகும் என்று அங்கே நம்புகிறார்கள். அந்தக் கல்லில் உள்ளவை ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். யாராவது படித்தவர் வந்து கேட்டால் காட்டலாம் என்று நல்ல துண்டுகளைத் தனியே எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். கேட்டு வந்தவர்கள் மிகச் சிலரே என்றும் சொன்னார். அந்த மனிதரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். சட்டம் எழுதும்போது அவரைக் குற்றவாளியாக நினைத்து எழுதிவிடக் கூடாது.

பார்மேர் சாலையில் ஜெய்சல்மேரிலிருந்து 17 கிலோமீட்டர் போனால் ஆகல் கல்மரப் பூங்கா வரும். 21 ஹெக்டேர் பரப்பு. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பெரிய அடிமரம் ஒன்று 13 மீட்டருக்கும் மேல் நீளம். லாத்தி அடுக்கைச் சேர்ந்த மணற்கல்லில் அவை பதிந்திருக்கின்றன. ஆறு அடித்துவந்த மரங்கள் மணலுக்குள் புதைந்து, காற்றுப் படாததால் மட்காமல் இருந்து, சிலிக்கா கரைந்த நீர் உள்ளே ஊறி, மரத்தின் செல்கள் ஒவ்வொன்றாகக் கல்லாக மாறியிருக்கின்றன. இரும்புக் கம்பிக் கூண்டுகளுக்குள் பூட்டி, மேலே தகரம் போட்டு வைத்திருக்கிறார்கள். கூண்டுக்கு வெளியே தரையெல்லாம் செந்நிறச் சில்லுகள். குனிந்து ஒன்றை எடுத்தால் மரத்தின் நார் ஓட்டம் அப்படியே தெரியும். வருகிறவர்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். காவலர் ஒருவரோ இருவரோ 21 ஹெக்டேரை எப்படிக் கண்காணிப்பார்கள்?

இதே லாத்தி மணற்கல் இன்றைக்கும் அந்த மாவட்டத்துக்கு நிலத்தடி நீர் தருகிற முக்கியமான பாறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜூராசிக் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலின் இடுக்குகளில் தேங்கியிருக்கிற தண்ணீரை ஆழ்துளைக் கிணறுகள் மேலே எடுக்கின்றன. நிலவியல் மரபு என்று பேசினால் அது ஏதோ அருங்காட்சியக விவகாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. மழை குறைவான அந்த ஊரில் பாறையைப் புரிந்துகொள்வது தண்ணீர் குடிப்பதோடு சம்பந்தப்பட்டது.

இனி தையாத். ஜோத்பூர் நெடுஞ்சாலையோரம் உள்ள சிறிய ஊர் அது, அருகே ஒரு பாறை முகடு. 2014 ஜனவரியில் ஜூராசிக் காலம் குறித்த பன்னாட்டு மாநாடு ஜெய்ப்பூரில் நடந்தது. அதையொட்டி ஆய்வாளர்கள் களப்பயணமாக ஜெய்சல்மேர் வந்தார்கள். ஸ்லோவாக்கியாவின் யான் ஷ்லோகல், போலந்தின் பியென்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் அந்த முகட்டில் டைனோசர் காலடித் தடங்களைக் கண்டார்கள். மறுஆண்டு அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. பின்னர் ஜோத்பூர் ஜெய் நாராயண் வியாஸ் பல்கலைக்கழகத்தார் அதே பகுதியில் மூன்று வகைத் தடங்களை அடையாளம் கண்டு எழுதினார்கள். இரண்டு வகைகள் ஓரடிக்கும் பெரியவை, தடித்த மூன்று விரல்கள் கொண்டவை. மூன்றாவது வெறும் ஐந்தரை சென்டிமீட்டர். நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

அந்தத் தடங்கள் எப்படி உண்டாயின என்று யோசித்துப் பாருங்கள். கடல் வந்துபோகிற ஓரத்து ஈரச் சேறு. இரண்டு காலில் நடக்கும் ஊன் தின்னி ஒன்று அதன் மேல் போயிருக்கிறது. வெயிலில் சேறு இறுகியது, அதன் மேல் வேறு வண்டல் வந்து மூடியது, பிறகு அடுக்கடுக்காக மேலே பாரம் ஏறி எல்லாம் கல்லாயின. எலும்பை ஆறு எங்கிருந்தோ இழுத்துவந்து போட்டிருக்கலாம். தடத்தை எந்த ஆறும் இழுத்துவராது. அந்த விலங்கு அந்த இடத்தில் நின்றது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. அதனால்தான் தடத்தைப் பெயர்த்து எடுத்தால் அதன் பொருளில் பாதி போய்விடும். எந்தத் திசையில் நடந்தது, அடுத்த அடி எங்கே விழுந்தது, அடியில் இருப்பது அலைத் தரையா ஆற்று மணலா என்பதெல்லாம் அந்தப் பாறையோடு கூடவே இருக்க வேண்டியவை.

சில ஆண்டுகளுக்கு முன் தையாத்தில் இருந்த தடம் ஒன்று இடத்தில் இல்லை என்று செய்தி வந்தது. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலி கிடையாது, பலகை கிடையாது. அப்படி ஒன்றைப் பெயர்த்துப் போனவரைப் பிடித்துவந்தாலும், டைனோசர் தடத்தை எடுத்தாய் என்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? வெறும் கல் திருட்டு என்றுதான் எழுத வேண்டியிருக்கும். கல்லுக்கு அங்கே என்ன விலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெட்வாய் கதை இதைவிடப் பெரியது. நகரை ஒட்டிய ஊர், கல் குவாரிகளுக்குப் பேர்போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, அதாவது ஜி.எஸ்.ஐ., 2018இல் ஜெய்சல்மேர்ப் பகுதியில் புதைபடிவங்களைத் தேடித் தோண்டத் தொடங்கியது. முதலில் வெளியே தெரியவந்தவற்றில் ஒன்று சுறாப் பற்கள். சிப்பி ஓட்டை நொறுக்கித் தின்னும் தட்டையான பற்கள் கொண்ட, இன்று முற்றிலும் அற்றுப்போன ஹைபோடான்ட் வகைச் சுறா. அது புதிய இனம் என்று தெரிந்து 2021இல் ஸ்ட்ரோஃபோடஸ் ஜெய்சல்மேரன்சிஸ் என்று பெயரிட்டார்கள். அந்தப் பேரினம் இந்தியத் துணைக்கண்டத்தில் கிடைத்தது அதுவே முதல் முறை.

அதன்பின் 2023இல் தாரோசாரஸ் இண்டிகஸ் வந்தது. ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் சுனில் பாஜ்பாய், தேபஜித் தத்தா ஆகியோரும் ஜி.எஸ்.ஐ. ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கண்டுபிடிப்பு. கழுத்தும் வாலும் நீண்ட, தழை தின்னும் டைனோசர். வயது 16 கோடியே 70 லட்சம் ஆண்டு. டைக்ரியோசாரிட் என்று அழைக்கப்படும் குடும்பத்தில் உலகில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது இதுதான். அந்தக் குடும்பம் அடங்கிய பெரிய கூட்டமான டிப்ளோடோகாய்டுகளிலேயும் இதுவே மூத்தது. அதற்கு முன்புவரை அந்த இடம் சீனாவில் கிடைத்த லிங்வுலாங்குக்கு இருந்தது. இந்த விலங்குகள் எங்கே தோன்றி எப்படிப் பரவின என்ற கேள்விக்கு இந்தியாவை நோக்கிக் கைகாட்டும் சான்று இது. ஒரு குவாரி ஊருக்குப் பக்கத்தில், கடலோரத்தில் படிந்த பாறையில், முள்ளெலும்புத் துண்டுகளாகக் கிடைத்தது. இன்னும் எத்தனை துண்டுகள் ஏற்கெனவே சமையலறை மேடையாகவும் வாசற்படியாகவும் அறுபட்டுப் போயிருக்குமோ என்று நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

2025 ஆகஸ்டில் அதே மாவட்டத்தின் ஃபதேகட் பகுதியில் மேகா என்ற ஊர்க்காரர்கள் குளத்துப் பக்கம் எலும்பு போன்ற கற்களைக் கண்டு அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினார்கள். முதலில் டைனோசர் என்று பேச்சு எழுந்தது. ஜோத்பூர் நிலவியலாளர்கள் வந்து பார்த்து, முதலை போன்ற உருவம் கொண்ட ஃபைட்டோசார் என்றார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் ஊர்க்காரர்கள் தாங்களாகவே சொல்லியனுப்பினார்கள் பாருங்கள். அந்த மக்களின் பொறுப்புணர்வுக்கு நிகரான ஏற்பாடு அரசிடம் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன்.

1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத, வரலாறு, தொல்லியல், கலை சார்ந்த மதிப்புள்ள சின்னங்களைக் காக்கிறது. மனிதன் கைபட்டவற்றை நினைத்து எழுதிய சட்டம் அது. ஜூராசிக் காலத்துக் காலடியைக் காக்க எழுதப்பட்டதல்ல. ஜி.எஸ்.ஐ. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்கள் என்று அறிவித்திருக்கிறது. ஆகல் அவற்றில் ஒன்று. நம் திருவக்கரையும் சாத்தனூரும் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்புக்குப் பின்னால் தனிச் சட்டம் இல்லை. 2009இல் மாநிலங்களவையில் மரபுத் தலங்களுக்கான தேசிய ஆணைய மசோதா ஒன்று அறிமுகமானது. 2015இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் 2022இல்தான் புவிமரபுத் தலங்களுக்கான வரைவு வந்தது. சிதைப்பவருக்கும் பெயர்த்து எடுப்பவருக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

சட்டம் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு மங்கோலியாவைக் காட்டுவேன். கோபி பாலைவனமும் தாரைப் போல வறண்ட நிலம்தான், புதைபடிவங்களில் உலகப் புகழ் பெற்றது. 2012இல் அங்கிருந்து கடத்தப்பட்ட டார்போசாரஸ் எலும்புக்கூடு ஒன்று நியூயார்க்கில் பத்து லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. புதைபடிவங்கள் நாட்டின் சொத்து என்ற சட்டம் மங்கோலியாவில் முன்பே இருந்தது. அந்நாட்டு அதிபர் எல்பெக்டோர்ஜ் நேரடியாகத் தலையிட்டார். அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தது. 2013இல் அந்த எலும்புக்கூடு மங்கோலியாவுக்குத் திரும்பிப் போனது, மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். நாளைக்கு ஜெட்வாய் எலும்பு ஒன்று ஏதோ ஒரு ஏலக்கூடத்தில் தென்பட்டால் நாம் எந்தத் தாளை நீட்டி இது எங்களுடையது என்று கேட்போம்?

நம் வீட்டுக் கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளை 1987இல் ஜி.எஸ்.ஐ.யின் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் என்ற பெயரில் விவரித்தார்கள். கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர் என்றார்கள். உலகின் மிகப் பெரிய நிலவாழ் விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. விவாதம் மட்டும்தான் நடக்கிறது, ஏனென்றால் எலும்பு இல்லை. நம் பருவமழைக்கும் மண்ணின் ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்காமல் அது பொடிந்துபோனது. கையில் மிஞ்சியவை வரைபடங்களும் சில பழைய புகைப்படங்களும்தான். 2022இல் அந்தப் புகைப்படங்களை வைத்து மறுபடி ஆய்வு எழுத வேண்டியிருந்தது. அப்போதைய ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. எடுத்து, கட்டு போட்டு, பத்திரமாகக் கொண்டுபோய் வைக்கிற வசதியும் கடமையும் ஒரு சட்டத்தின் கீழ் இருந்திருந்தால் அரியலூருக்கு இன்று உலக வரைபடத்தில் வேறு இடம் இருந்திருக்கும். அந்த இழப்பைக் கண்ட மாவட்டத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவன் என்ற உரிமையில்தான் ஜெய்சல்மேருக்காகப் பேசுகிறேன்.

ஆனால் 2022 வரைவை அப்படியே நிறைவேற்றிவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். அந்த வரைவில் ஏறத்தாழ எல்லா அதிகாரமும் ஜி.எஸ்.ஐ. கையில் குவிந்திருந்தது. எது மரபுத் தலம் என்று அறிவிப்பது, யார் மாதிரி எடுக்கலாம் என்று முடிவு செய்வது எல்லாம் ஒரே இடத்தில். நாட்டின் தொல்லுயிரியலாளர்கள் பலர் இதை எதிர்த்தார்கள், நியாயமாகவே எதிர்த்தார்கள். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், டெல்லி, சண்டிகர், ஜோத்பூர் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள் இவற்றில் வேலை பார்ப்பவர்கள் இல்லாமல் இந்தியத் தொல்லுயிரியலே இல்லை. தாரோசாரஸ்கூட இரண்டு நிறுவனங்கள் கைகோத்ததால் வந்தது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஒரு சிப்பித் துண்டை எடுக்க அனுமதிக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற நிலை வந்தால், கடத்துபவர்களுக்கு அது இடைஞ்சலாகாது, அவளுக்கு மட்டும்தான் ஆகும். முடிவெடுக்கும் குழுவில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாநில அரசும் உள்ளூர் ஊராட்சியும் இருக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும்.

குவாரித் தொழிலாளர் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்கச் சொல்வேன். புதைபடிவத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பேராசிரியர் கிடையாது. கல் உடைப்பவர், குளம் வெட்டுபவர், ஆடு மேய்ப்பவர். சொன்னால் வேலை நின்றுபோகும், நிலம் பறிபோகும் என்ற பயம் வந்துவிட்டால் அவர் ஏன் சொல்லப்போகிறார்? கண்டதைச் சொல்பவருக்குச் சன்மானம், வேலை நின்ற நாட்களுக்குக் கூலி, குத்தகைதாரருக்கு மாற்று இடமோ இழப்பீடோ என்று எழுத்தில் உறுதி வேண்டும். தண்டனைப் பிரிவைவிட இந்தப் பிரிவுதான் எலும்புகளைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குஜராத்தில் பாலாசினோர் அருகே ரையோலியில் டைனோசர் முட்டைகளும் ராஜசாரஸ் எலும்புகளும் கிடைத்த இடம் இன்று அருங்காட்சியகத்தோடு நிற்கிறது என்றால், ஊர்க்காரர்கள் அதைத் தங்களுடையதாக நினைத்துக் காவல் காத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இன்னொரு விஷயம் அவசரமானது. ஜெய்சல்மேர் மாவட்டம் இன்று நாட்டின் பெரிய சூரிய மின் உற்பத்தி வயல்களில் ஒன்று. மேகா ஊர் இருக்கும் ஃபதேகட் பகுதியிலேயே பெரும் பூங்காக்கள் எழுந்திருக்கின்றன. சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரி அல்ல, நாட்டுக்கு அது தேவை. ஆனால் சூரிய ஒளித் தகடு மின்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. அங்கே வாழும் அரிய பறவையான கானமயிலுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராட ஆட்கள் இருந்தார்கள். பாறைக்கு அப்படி யாரும் இல்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரை புல்டோசர் சமன்படுத்துவதற்கு முன்னால், பயிற்சி பெற்ற இருவர் சில வாரம் அந்த நிலத்தில் நடந்து பார்த்தால் போதும். திட்டச் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை. ஜூராசிக், கிரெட்டேசியஸ் அடுக்குகள் எங்கெங்கே தரைக்கு வருகின்றன என்று ஜி.எஸ்.ஐ.யின் வரைபடங்கள் ஏற்கெனவே காட்டுகின்றன. அந்த இடங்களில் மட்டுமாவது இப்படி ஒரு கள ஆய்வைக் கட்டாயமாக்கச் சொல்லுங்கள். குவாரிக் குத்தகைக்கும் இதே விதி பொருந்தட்டும்.

நிலவியல் சிறப்புள்ள பகுதிகளுக்கு யுனெஸ்கோ தரும் அங்கீகாரமான உலகப் புவிப்பூங்காக்கள் இன்று இருநூறைத் தாண்டிவிட்டன. சீனாவில் மட்டும் நாற்பதுக்கும் மேல். இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. ஆகல், தையாத், ஜெட்வாய், குல்தாரா ஓடை அம்மோனைட்டுகள், ஹாபூர்க் கல், அதே சுண்ணாம்புக்கல்லால் எழுந்த கோட்டை, அரச குடும்பத்தாரின் நினைவு மண்டபங்களான படா பாக் சத்ரிகள் என்று ஒரு நாள் பயணத்துக்குள் அடங்குகிற அத்தனையும் சேர்த்தால் ஒரு புவிப்பூங்காவுக்கு வேண்டிய எல்லாம் ஜெய்சல்மேரில் இருக்கிறது. ஒட்டகக்காரரின் பிள்ளைக்கும் குவாரிக்காரரின் பிள்ளைக்கும் பயிற்சி கொடுத்தால் அவர்களைவிடச் சிறந்த வழிகாட்டிகள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் சட்டப் பாதுகாப்பு இல்லாத இடத்தை யுனெஸ்கோ ஏற்காது. அது அவர்களின் அடிப்படை நிபந்தனை.

எனவே நான் கேட்பது இது. வரும் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தில் சுரங்க அமைச்சரிடம் கேளுங்கள்: 2022 வரைவு எந்த நிலையில் இருக்கிறது, கருத்துக் கேட்பில் ஆய்வாளர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு என்ன பதில், திருத்திய மசோதா எப்போது அவைக்கு வரும். எழுத்துப்பூர்வ பதில் கேட்டு வாங்குங்கள். மசோதா வந்தால் அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அந்தக் குழு ஜெய்சல்மேருக்கும் அரியலூருக்கும் நேரில் வரட்டும். ராஜஸ்தான் உறுப்பினர்களோடு கட்சி பார்க்காமல் சேர்ந்து பேசுங்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் இரு மாநிலங்களின் நலனும் ஒன்றே. அதற்கிடையில், தையாத் முகட்டைச் சுற்றி வேலி போட்டு, மிஞ்சியிருக்கும் தடங்களை அச்சு எடுத்து, முப்பரிமாணப் படமும் எடுத்து வைக்க ஜி.எஸ்.ஐ.க்கு உத்தரவிடும்படி அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இந்த மழைக்காலத்துக்குள் செய்துவிடலாம்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் வரும் உறுப்பினர் யாருக்கேனும் நேரம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். காரை ஓடைகளையும் சாத்தனூர்க் கல்மரத்தையும் நானே கூட வந்து காட்டுகிறேன். ஜெய்சல்மேர் போகிறவர்களுக்கு எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தரவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
பெரம்பலூர் மாவட்டம்.